மருந்துக்குப் பிறகும் முட்டை

தடுப்பூசி போட நாயைக் கூட்டிப்போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "பூச்சி மருந்து கொடுத்தீங்களா?" கொடுத்தோம் என்றால், எப்போது என்று கேட்டு அட்டையில் தேதியைக் குறித்துக்கொள்வார். பேச்சு அத்தோடு முடிந்தது. கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை. மாத்திரை உள்ளே போனால் பூச்சி வெளியே வந்துவிடும் என்பதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குப் "பூச்சி" என்ற சொல்லே ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாயின் வயிற்றில் வாழும் அத்தனையையும் அந்த ஒரு சொல்லில் அடைத்துவிடுகிறோம். குட்டிக்கு மருந்து கொடுத்த மறுநாள் சேமியா போல நீளநீளமாக விழுவது உருளைப்புழு. வாலடி மயிரில் வெள்ளரி விதை போல, காய்ந்தால் சோற்றுப் பருக்கை போல ஒட்டிக்கொண்டிருப்பது நாடாப்புழுவின் துண்டு. இரண்டும் கண்ணுக்குத் தெரியும். விழுந்ததைப் பார்த்தால் மனம் ஆறிவிடும். கொக்கிப்புழுவோ வளர்ந்த நிலையிலும் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டுவது அரிது. நூல் துணுக்கு போல இருக்கும். மலத்தில் விழுந்தாலும் தேடுகிறவர் கண்ணுக்கே எளிதில் அகப்படாது. ஆகவே அது செத்ததா, இல்லை உள்ளேயே இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை. நாயின் குடற்புழுக்களில் மருந்தைப் பெருமளவு வென்றிருப்பது அந்தக் கண்ணில் படாத புழுதான்.

அதன் விலங்கியல் பெயர் அன்சைலோஸ்டோமா கேனைனம். தலைப்பக்கம் முதுகுப்புறமாக வளைந்திருப்பதால் கொக்கி. வாயின் விளிம்பில் மூன்று ஜோடிப் பற்கள். சிறுகுடலின் உட்சுவரில் ஒரு துணுக்கைக் கவ்வி வாய்க்குள் இழுத்துக்கொண்டு, இரத்தம் உறையாமல் இருக்கச் சில புரதங்களைச் சுரக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து மனிதருக்கான மருந்தாக்கவும் முயன்றார்கள். எபோலா தொற்றிய குரங்குகளுக்குக்கூட அதைச் செலுத்திப் பார்த்தார்கள். கடித்த இடத்தை விட்டு வேறிடத்தில் கடிக்கும்போது, விட்டுவந்த புண் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு புழுவால் ஒரு நாளில் போகும் இரத்தம் 0.1 மில்லி வரை இருக்கலாம். நூறு புழுவுக்கு 10 மில்லி. வளர்ந்த நாய் தாங்கிக்கொள்ளும், இரண்டு மூன்று வாரக் குட்டி தாங்காது. ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்து, மலத்தில் முட்டை தென்படும் முன்பே குட்டி போய்விடுவதும் உண்டு.

பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சூடும் ஈரமும் இருந்தால் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழு ஆகிவிடும். அது நாய்க்குள் போக வழிகள் பல. நக்கும்போது வாய் வழியாகப் போகும், படுத்திருக்கும்போது தோலைத் துளைத்துப் போகும், தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். உள்ளே வந்த எல்லா இளம்புழுவும் குடலுக்கே வந்து சேர்வதில்லை. ஒரு பகுதி தசைகளுக்குள் ஒதுங்கி உறங்கும். பெண்நாய் சினையானதும் விழித்துக்கொண்டு பாலுக்குள் இறங்கும். சினையாகாத நாய்களிலும் அவ்வப்போது சில விழித்துக் குடலுக்கு வருவதுண்டு. மருந்துகள் குடலில் உள்ள புழுவைத்தான் கொல்கின்றன, உறங்குவதை நெருங்குவதில்லை.

இந்த உறக்கம்தான் பல ஆண்டுகளுக்கு எல்லாரையும் குழப்பியது. ஒரு நாய்க்கு மருந்து கொடுத்தாயிற்று, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மலத்தில் மறுபடி முட்டை. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தோட்டத்து மண்ணிலிருந்து புதிதாகத் தொற்றியிருக்கலாம். தசையில் உறங்கியவை, காலியான குடலுக்கு வந்து இடம்பிடித்திருக்கலாம். ஆங்கிலத்தில் இதை இளம்புழுக் "கசிவு" என்ற பொருளில் சொல்கிறார்கள். அல்லது கொடுத்த மருந்து புழுவைக் கொல்லவே இல்லை. முதலிரண்டும் பாடப்புத்தகத்தில் உள்ளவை, உண்மையிலேயே நடப்பவை. அதனால் மருத்துவர்கள் அவற்றில் ஒன்றைச் சொல்லி, திரும்ப மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது காரணம் அந்த இரண்டின் முதுகுக்குப் பின்னால் நெடுநாள் ஒளிந்திருந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி இதுதான்: மருந்து எதிர்ப்பு முளைத்தது பந்தய நாய்க் கொட்டில்களில் என்றாலும், அதை வளரவிட்டது எல்லாவற்றுக்கும் கைவசம் இருந்த ஒரு நல்ல விளக்கம்.

மூன்றையும் பிரித்தறிய முடியாதா? முடியும், அதற்கு நாள் கணக்கு போதும். புதிதாகத் தொற்றிய புழுவானாலும், தசையிலிருந்து வந்த புழுவானாலும், வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ஆகவே மருந்து கொடுத்துப் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் மலத்தைப் பார்த்தால், அதில் தெரியும் முட்டைகள் மருந்தைத் தாண்டிப் பிழைத்த புழுக்கள் இட்டவை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று காரணமும் ஒன்றாகக் கலந்துவிடும். இவ்வளவு எளிய சோதனைதான். ஆட்டுப் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். நாய்க்கு மட்டும் யாரும் வழக்கமாகச் செய்யவில்லை.

ஆட்டில் இந்தக் கதை வேகமாக நடந்தது. தயாபெண்டசோல் என்ற மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே அமெரிக்காவின் கென்டக்கியில் ஆடுகளின் இரைப்பைப் புழு அதற்கு அசையவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு மருந்துக்கும் சில ஆண்டுகளில் இதே கதிதான். தமிழ்நாட்டிலும் பெரிய ஆட்டுப் பண்ணைகளில் ஃபென்பெண்டசோல் கேட்காத புழுக்கள் பல முறை பதிவாகியிருக்கின்றன. நாய்க்கு அப்படி நேராது என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. வீட்டு நாய் ஒன்றோ இரண்டோ. மந்தையாக ஒரே புல்வெளியில் மேய்வதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவதில்லை. நியாயமான கணிப்புதான். மந்தையாக வாழும் நாய்களும் உண்டு என்பதைத்தான் அந்தக் கணிப்பு மறந்துவிட்டது.

முதல் அறிகுறிகள் ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்கு வந்த கிரேஹவுண்ட் நாய்களில் பைரன்டெல் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று 1987இல் ஒரு குறிப்பு வெளியானது. இருபது ஆண்டு கழித்து, 2007இல், குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் பிரிஸ்பேன் பகுதிப் புழுக்களைச் சோதித்தபோது பைரன்டெல் கொன்றது கால்வாசியை, சரியாகச் சொன்னால் 25.7 சதவீதத்தை மட்டுமே. அங்கே பைரன்டெல் பல காலமாகக் கடைகளில் தாராளமாகக் கிடைத்த மருந்து. ஒரு மருந்துதானே, வேறு இரண்டு வகை இருக்கின்றனவே என்று உலகம் அதையும் கடந்து போயிற்று.

அமெரிக்காவில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே கிரேஹவுண்ட் பந்தயம் அப்போது ஒரு தொழிலாக இருந்தது. நாய்கள் நூற்றுக்கணக்கில் ஒரே வளாகத்தில் வாழும், நாளுக்குப் பலமுறை மணல் பரப்பிய சிறு வெளிகளில் மலம் கழிக்க விடப்படும். கொக்கிப்புழு இளம்புழுவுக்கு ஈரமும் நிழலும் உள்ள மணலைவிடப் பிடித்த இடம் வேறில்லை. புழுத்தொல்லை தீராததால், ஓட்டம் குறைந்துவிடக் கூடாதென்று, எல்லா நாய்க்கும் சில வாரத்துக்கு ஒருமுறை மருந்து. ஃபென்பெண்டசோல், பைரன்டெல், ஐவர்மெக்டின் என்று மாறிமாறி. இந்த ஏற்பாட்டைத் திட்டமிட்டு ஒரு சோதனைக்கூடத்தில் அமைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக எதிர்ப்புப் புழுவை வளர்த்தெடுத்திருக்க முடியாது.

ஏன் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எதிர்ப்பு மருந்தால் "உண்டாவதில்லை". கோடிக்கணக்கான புழுக்களில் ஏதோ சிலவற்றிடம், தற்செயலாக ஏற்பட்ட பிறழ்வு முன்பே இருக்கிறது. மருந்து மற்றவற்றைக் கொல்லும்போது அந்தச் சில மட்டும் பிழைக்கின்றன. சுற்றிலும் மருந்து படாத புழுக்கள் ஏராளமாக இருந்தால், பிழைத்தவை அவற்றோடு கலந்து கரைந்துபோகும். மருந்து படாமல் ஒதுங்கியிருக்கும் இந்தக் கூட்டத்தை ஒட்டுண்ணியியலார் புகலிடம் என்கிறார்கள். மண்ணில் கிடக்கும் இளம்புழுக்கள் புகலிடம். மருந்து பெறாத பக்கத்து நாயின் குடல் புகலிடம். தசையில் உறங்குவதும் ஒருவகையில் புகலிடம்தான். பந்தயக் கொட்டிலில் மருந்து பெறாத நாயே இல்லை. மண்ணில் கிடக்கும் இளம்புழுக்களும் மருந்தைத் தாண்டிய புழுக்களின் பிள்ளைகள். தசையில் உறங்குவதும் அதே வம்சம். கலப்பதற்கு வேறு புழு கிடையாது.

அந்த நாய்கள் கொட்டிலிலேயே இருந்திருந்தால் புழுவும் அங்கேயே இருந்திருக்கும். ஆனால் பந்தய நாயின் ஓட்ட வாழ்க்கை சில ஆண்டுகள்தான். ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை வீட்டில் வளர்க்க அழைத்துக்கொள்ளும் நல்ல வழக்கம் அமெரிக்காவில் பரவியிருந்தது. பந்தயத்துக்கு எதிரான இயக்கமும் வலுத்தது. நாட்டின் 17 பந்தயத் திடல்களில் 11 இருந்த ஃபுளோரிடாவில் 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2020 முடிவதற்குள் பந்தயத்தை நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். கடைசிப் பந்தயம் அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு பாம் பீச்சில் நடந்தது. நாய்களுக்கு விடுதலை, அதில் சந்தேகமில்லை. அவற்றோடு அவற்றின் புழுக்களும் நாடெங்கும் உள்ள வீடுகளுக்கும் நாய்ப் பூங்காக்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

தத்தெடுத்தவர்கள் மருத்துவரிடம் போனார்கள். மருந்து கொடுத்தும் முட்டை. இன்னொரு மருந்து, மறுபடி முட்டை. கசிவாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மாதாமாதம் கொடுத்தும் நிற்காத "கசிவு" சிலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரே கப்லான் என்பவரின் ஆய்வகம் ஆடு, குதிரைப் புழுக்களின் மருந்து எதிர்ப்பில் பழகிய இடம். அங்கே பப்லோ ஹிமெனெஸ் காஸ்ட்ரோ இந்த நாய்ப் புழுக்களைக் கையில் எடுத்தார். முட்டைகளை மருந்துக் கரைசலில் போட்டுப் பொரிகின்றனவா என்று பார்ப்பது, இளம்புழுக்கள் வளர்கின்றனவா என்று பார்ப்பது, மரபணுவைப் படிப்பது என்று எல்லா வழியிலும் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆண்டு வாஷிங்டனில் ஜான் ஹாடனின் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது. ஒரு மருந்து அல்ல, கையிலிருந்த மூன்று வகை மருந்துகளும் பயனற்றுப் போயிருந்தன.

மூன்றும் மூன்று விதமாக வேலை செய்பவை என்பதுதான் இதில் திகைக்க வைப்பது. ஃபென்பெண்டசோல் போன்ற பெண்டசோல் வகை, புழுவின் செல்லுக்குள் சாரம் கட்டுவதற்கான பீட்டா-ட்யூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்தும். புழு மெல்லச் சாகும். பைரன்டெல் தசையை இறுக்கி முடக்கும். பிடி விட்ட புழுவைக் குடல் தள்ளிவிடும். ஐவர்மெக்டின், மில்பெமைசின், மாக்சிடெக்டின் வகை நரம்பின் குளோரைடு வாயில்களைத் திறந்து தசையைத் தளர்த்தி முடக்கும். ஒரே பூட்டுக்கு மூன்று சாவி அல்ல இவை, வேறு வேறு மூன்று பூட்டுகள். ஒரு புழு மூன்றையும் மாற்றிக்கொண்டது என்றால், மூன்று மருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அதன் முன்னோர்களைப் பலமுறை வடிகட்டியிருக்க வேண்டும்.

கட்டிடத்தின் விரிசலை நேரில் பார்ப்பது போல ஒரு சோதனை 2020இல் நடந்தது. கிரேஹவுண்டிலிருந்து எடுத்து "வொர்த்தி" என்று பெயரிட்ட புழு வம்சத்தைச் சோதனை நாய்களுக்குத் தொற்ற வைத்து, மருந்து கொடுத்து, குடலில் மிஞ்சிய புழுக்களை எண்ணினார்கள். ஃபென்பெண்டசோல் கொன்றது 26 சதவீதம். பைரன்டெல் 23. மில்பெமைசின் 9. சாதாரணக் கொக்கிப்புழுவை ஏறக்குறைய முழுமையாகத் துடைத்துவிடும் என்று அட்டைப்பெட்டியில் எழுதி விற்கப்படும் மருந்துகள் இவை.

மரபணுவில் என்ன மாறியிருக்கிறது என்பது பெண்டசோல் வகைக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ட்யூபுலின் புரதத்தின் 167ஆவது இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். எதிர்ப்புப் புழுவில் அங்கே டைரோசின். ஒரே ஓர் எழுத்துப் பிழை போலத்தான். மருந்து உட்காரும் குழியின் வடிவம் மாறிவிடுகிறது. 2021இல் வெளியான ஆய்வில் பந்தயக் கொட்டில், தத்து மையம் ஆகிய இடங்களிலிருந்து வந்த 219 கிரேஹவுண்ட் மலங்களைப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கில் கொக்கிப்புழு. புழு இருந்த மாதிரிகளில் ஏறக்குறைய அத்தனையிலும் அந்தப் பிழை.

கிரேஹவுண்ட் வளர்க்காதவர் இதுவரை நிம்மதியாக இருந்திருக்கலாம். 2023இல் கனடாவின் கால்கரியில் ஜான் கில்லியர்டின் ஆய்வகமும் ஜார்ஜியா குழுவும் சேர்ந்து அமெரிக்கா முழுவதிலுமிருந்து, எந்த இனமானாலும் சாதாரண வீட்டு நாய்களிலிருந்து, கொக்கிப்புழு முட்டையுள்ள 685 மாதிரிகளைப் படித்தார்கள். 49.7 சதவீதத்தில் 167ஆம் இடத்துப் பிழை. அதோடு எதிர்பாராத இன்னொன்று: 134ஆம் இடத்தில் குளூட்டமினுக்குப் பதில் ஹிஸ்டிடின், 31.1 சதவீத மாதிரிகளில். உலகில் எந்தப் புழுவிலும் அதுவரை பார்த்திராத பிறழ்வு. வெறும் தற்செயலா, எதிர்ப்புக்குக் காரணமா என்று அறிய, மண்ணில் வாழும் சிறு புழுவான சீனோராப்டிடிஸ் எலிகன்ஸின் மரபணுவில் அதே ஓர் எழுத்தைத் திருத்தி வைத்தார்கள். அந்தப் புழுவும் மருந்துக்கு மசியவில்லை. வழக்கு அத்தோடு தீர்ந்தது.

எண்களை அளவோடு நம்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதிரியில் அந்தப் பிழை தென்பட்டது என்றால் அதிலுள்ள எல்லாப் புழுவும் எதிர்ப்புப் புழு என்று பொருளல்ல; சிலவற்றிடம் இருந்தாலும் தென்படும். அமெரிக்காவில் 2012 முதல் 2018 வரை 3.9 கோடிக்கும் மேலான மலப் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது, கொக்கிப்புழுத் தொற்று 47 சதவீதம் உயர்ந்திருந்தது. அதற்கு எதிர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வெப்பம், நாய்ப் பூங்காக்கள், தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே தத்துக்கு அனுப்பப்படும் காப்பக நாய்கள் என்று பலவும் சேர்ந்திருக்கும். 288 பூங்காக்களில் 3,006 நாய்களைச் சோதித்த இன்னோர் ஆய்வில் ஐந்தில் ஒரு நாய்க்குக் குடல் ஒட்டுண்ணி இருந்தது. பூங்காக்களில் 85 சதவீதத்தில் ஏதாவது ஒரு நாயிடமாவது கிடைத்தது. எதிர்ப்புப் புழு பரவ இதைவிடச் சிறந்த சந்தை எங்கே? கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்போது அதே பிறழ்வுகள் பதிவாகிவிட்டன.

மற்றக் குடற்புழுக்களை இரண்டு வரியில் முடித்துவிடலாம். உருளைப்புழு இன்னும் மருந்துக்குப் பணிகிறது. தெள்ளுப்பூச்சி வழியாகத் தொற்றும் நாடாப்புழுவில், பிராசிகுவான்டெல் கேட்காத தொற்றுகள் 2018இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டன. எண்ணிக்கையில் சிறியவை, ஆனால் அந்த வகைக்கு வேறு நல்ல மருந்துகள் அதிகமில்லை என்பதால் கவனிக்க வேண்டியவை.

சரி, எதிர்ப்புப் புழு உள்ள நாய்க்கு என்ன செய்கிறார்கள்? முதலில் கூட்டு மருந்து. ஓஹையோ மருத்துவர்கள் 2019இல், முதுகில் ஊற்றும் மாக்சிடெக்டினையும், பைரன்டெல், ஃபெபன்டெல், பிராசிகுவான்டெல் சேர்ந்த மாத்திரையையும் ஒரே நேரத்தில் கொடுத்துக் கிரேஹவுண்டுகளில் முட்டையைக் குறைத்துக் காட்டினார்கள். தனித்தனியாகத் தோற்றவை சேர்ந்தால் ஓரளவு வெல்கின்றன, சில நாய்களில். அதுவும் கேட்காதபோது எமோடெப்சைடு. இது முற்றிலும் வேறு வழியில், புழுவின் பொட்டாசியம் வாயிலைப் பிடித்து முடக்குவது. ஜப்பானியர் காமேலியா இலையிலிருந்து பிரித்த ஒரு பூஞ்சையில் கண்டெடுத்த மூலக்கூறின் வழித்தோன்றல். காமேலியா, தேயிலையின் நெருங்கிய உறவு. "வொர்த்தி" புழுவை இது ஏறத்தாழ முழுவதும் கொன்றது.

எமோடெப்சைடு அமெரிக்காவில் பூனையின் பிடரியில் ஊற்றும் மருந்தாகத்தான் உரிமம் பெற்றது. அதை நாய்க்கு வாய்வழி கொடுப்பது உரிமத்துக்கு வெளியே, மருத்துவரின் பொறுப்பில் நடப்பது. இதயப்புழு உள்ள நாய்க்கும், கோலி போன்ற இனங்களில் மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் மரபணு பழுதான நாய்க்கும் இது ஆபத்து. எனக்குள்ள பயம் வேறு. கைவசம் கடைசியாக மிஞ்சிய மருந்தையும் மாதாமாதம், மலத்தைப் பார்க்காமல் கொடுக்கத் தொடங்கினால், மணல் வெளியில் நடந்தது வீட்டுத் தோட்டத்தில் நடக்கும். அதனால்தான் மற்றவை தோற்றதை எண்ணிக்கையால் உறுதி செய்த பிறகே இதைத் தொட வேண்டும் என்று ஒட்டுண்ணியியலார் வற்புறுத்துகிறார்கள்.

இந்த மருந்து நாயோடு நிற்கும் பொருளும் அல்ல. தான்சானியாவின் பெம்பா தீவில் மனிதர்களின் சாட்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் எமோடெப்சைடைச் சோதித்த முடிவுகள் 2023இல் வெளியாகின. நாயும் மனிதனும் புழு மருந்தில் எப்போதும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொண்டே வந்திருக்கிறார்கள். 1921இல் அமெரிக்க வேளாண் துறையின் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப்புழுவைக் கொல்லும் என்று கண்டது நாய்களில்தான். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான மனிதர்கள் அதை விழுங்கினார்கள். இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிப் பிள்ளைகள் மெல்லும் ஆல்பெண்டசோல், நாய்க்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலின் உடன்பிறப்பு. ஒரே ட்யூபுலின் குழியில்தான் இரண்டும் உட்கார வேண்டும்.

நம் பக்கத்துக்கு இங்கே ஓர் உண்மையான தொடர்பு உண்டு. மனிதக் கொக்கிப்புழு தோல் வழியாகப் புகும் என்பதை 1890களில் கெய்ரோவில் தன் கையில் இளம்புழு நீர் சிந்தித் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் ஆர்தர் லூஸ். அவரே 1911இல் இலங்கையிலிருந்து வந்த ஒரு புனுகுப் பூனையின் குடலில் புதிய வகை ஒன்றைக் கண்டு, அன்சைலோஸ்டோமா செய்லானிகம் என்று பெயர் வைத்தார். நாயிலும் பூனையிலும் வாழும் இந்த இலங்கைப் பெயர்க்காரன், மனிதக் குடலிலும் முழுதாக வளர்ந்து முட்டையிடக்கூடியவன். ஜவ்வாது மலைப் பழங்குடிக் கிராமங்களில் மனிதர், நாய், மண் மூன்றிலும் கொக்கிப்புழுவை மரபணுவால் இனங்கண்ட ஆய்வு 2016இல் வெளியானது. மனிதரிடம் பெரும்பான்மை மனித வகைதான் என்றாலும், நாயின் புழுவும் மனிதனும் ஒரே மண்ணில் நடக்கிறார்கள் என்பது அந்த மலையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேனைனம் மனிதனில் பெரும்பாலும் வளர்ந்து முட்டையிடுவதில்லை. தோலில் நெளிநெளியாகத் தடம் போட்டு அரிப்பைத் தரும். குடலில் ஒற்றைப் புழு புகுந்து வலியெடுக்க வைத்த நோயாளிகளை வடக்கு குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் மருத்துவர்கள் 1990 முதல் விவரித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுத் தெருநாய்களில் பெரும்பாலானவை பூச்சி மருந்தைக் கண்டதே இல்லை. தொற்றுக்கு அவை ஊற்று என்பது உண்மை. அதே நேரம், மருந்துக்குப் பணியும் புழுக்களின் மிகப்பெரிய புகலிடமும் அவைதான். நான் கவலைப்படுவது வேறிடத்தைப் பற்றி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் குட்டிகளுக்கு விலை ஏறியிருக்கிறது. வெளிநாட்டு இனங்களையும் சேர்த்து வளர்ப்பு மனைகள் பெருகியிருக்கின்றன. மண் தரைக் கொட்டில், பத்து இருபது பெண்நாய், வருடம் முழுக்கக் குட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே மருந்து, எடையைப் பார்க்காமல் கைக்கணக்கில். குறைந்த அளவு மருந்து, முழு அளவைவிட மோசமான வடிகட்டி. அங்கே விற்கும் குட்டி ரயிலேறி எங்கெங்கோ போகிறது. பந்தயக் கொட்டிலின் அத்தனை உறுப்பும் இங்கே இருக்கின்றன, பந்தயம் மட்டும்தான் இல்லை.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மருந்து கொடுக்கும் நாள் காலையில் விழுந்த மலத்தில் ஒரு நெல்லிக்காயளவு எடுத்து டப்பாவில் போட்டு, தேதி எழுதி, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். வெளியே வைத்தால் நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும். எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆய்வகத்தில் அதை எடை போட்டு, கரையும் மட்டும் உப்புப் போட்ட நீரில் கலக்கி, வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடி அறையில் ஊற்றிச் சில நிமிடம் விடுவார்கள். உப்புநீரின் கனத்தால் முட்டை மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் மெல்லிய ஓடு, நீள்வட்டம், உள்ளே நான்கோ எட்டோ பதினாறோ செல்கள் கொத்துக் கடலை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு கிராமுக்கு எத்தனை என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்வார்கள். பிறகு எடைக்கேற்ற மருந்து. அதே மருந்தை இன்னொரு கையால் இன்னொரு முறை கொடுத்துவிடக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது டப்பா. முட்டை முக்கால் பங்குகூடக் குறையவில்லை என்றால், புதுத் தொற்று என்றோ கசிவு என்றோ சொல்லித் தப்பிக்க வழியில்லை. அவசரப்பட்டு நான்காம் நாளே பார்த்தால் ஏமாறலாம்: மருந்து பட்ட புழு சில நாள் முட்டையிடாமல் இருந்துவிட்டு மீண்டும் தொடங்கும். கொஞ்சம் புழு செத்திருந்தாலும் ஏமாற்றம் உண்டு. குடலில் நெரிசல் குறைந்தால் மிஞ்சிய பெண்புழுக்கள் முன்பைவிடக் கூடுதலாக முட்டையிடும். இடையில் உள்ள நாள்களில் தோட்டத்து மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், நாய் படுக்கும் மண்தரையில் வெயில் படும்படி வைப்பதும் மருந்துக் கடையில் விற்காத வேலைகள். கொட்டிலைச் சிமெண்டுத் தரையாக்கினால் புழுவுக்குப் பாதி வழி அடைபட்டுவிடும். சிமெண்டுக்கு ஆகும் செலவை இரண்டு ஈற்றுக் குட்டிகளின் பூச்சி மருந்துச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வளர்ப்பாளர் ஒருவரையாவது சந்திக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டாவது டப்பாவை எடுத்துக்கொண்டு யாராவது ஆய்வகத்துக்கு வந்தால், இந்த முறை அங்கே அட்டையில் குறிக்கத் தேதியோடு ஓர் எண்ணும் இருக்கும்.